சத்துவாச்சாரி மாடியில் ஆறு ஞாயிறுகள்: அமெரிக்க அரசியல் பிளவு பற்றிய ஒரு வகுப்பு

வேலூரில் கோடை வகுப்பு என்றால் நீச்சல், சதுரங்கம், கையெழுத்துப் பயிற்சி என்றுதான் சுவரொட்டிகள் இருக்கும். சத்துவாச்சாரியில் ஒரு தனியார் படிப்பகம், அமெரிக்கர்கள் ஏன் அரசியலில் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள், அதற்கு மாற்று உண்டா என்பதைப் பற்றிப் பெரியவர்களுக்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் நடத்துவதாக அறிவித்தபோது, யார் சேரப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன். நியூஜெர்சியில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டாரிடம் வானிலையைத் தவிர எதையும் பேசுவதில்லை என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னது மனத்தில் கிடந்ததால், 750 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடந்த இடம் தகரக் கூரை போட்ட மாடி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படியிருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றவே இல்லை. கையேடு என்று கொடுத்தது 32 பக்க ஜெராக்ஸ் பிரதி; அதிலிருந்த தேர்தல் வரைபடங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்ததால், குடியரசுக் கட்சியின் சிவப்பும் ஜனநாயகக் கட்சியின் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. அந்த நிறங்களே 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான் இன்ன கட்சிக்கு இன்ன நிறம் என்று நிலைத்தன என்று பேராசிரியர் சமாளித்தார். இடைவேளைத் தேநீரும் பொறையும் நன்றாக இருந்தன.

வகுப்பெடுத்தவர் அரசியல் அறிவியலில் ஓய்வு பெற்ற பேராசிரியர். குரலை உயர்த்தாமல், ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவிட்டே மூச்சு வாங்குகிறவர். அவர் எந்தக் கட்சிக்கு ஆதரவானவர் என்று கண்டுபிடிக்கச் சிலர் கடைசி வாரம் வரை முயன்று தோற்றார்கள். ‘துருவமயமாதல்’ என்ற சொல்லைக் கையேட்டில் அச்சிட்டிருந்தாலும், வாயால் ‘பிளவு’ என்றே சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கட்டணம் முழுவதும் இரண்டாம் வகுப்பிலேயே எனக்குத் திரும்பிவிட்டது. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டு, இரு கட்சிகளுக்கும் போதுமான வேறுபாடு இல்லை, வாக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வருந்தியது என்ற செய்தியோடு அவர் தொடங்கினார். அக்காலத்தில் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் இன ஒதுக்கலைக் கட்டிக்காத்தவர்கள். அதே கட்சியின் வடக்கத்தியர் அதை எதிர்த்தவர்கள். குடியரசுக் கட்சியிலும் ‘லிபரல்’ எனப்படும் தாராளப் போக்குடையோர் நிறையவே இருந்தனர். அதனால்தான் 1964இல் இன ஒதுக்கலைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியினரில் 27 பேரும் ஜனநாயகக் கட்சியினரில் 46 பேரும் ஆதரித்தார்கள். எதிர்த்த 27 பேரில் 21 பேர் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளும் ஜனநாயகக் கட்சியினராகவே இருந்தார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளில் தெற்கத்திய வெள்ளையர் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். வடகிழக்கில் இருந்த தாராளக் குடியரசுக் கட்சியினர் ஏறக்குறைய மறைந்தே போனார்கள்.

காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரே நடைமேடையில் கலந்து நிற்கும் கூட்டம், சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் வந்து நின்றதும் இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் போகும் ஊரை மாற்றிக்கொள்வதில்லை. அவரவர் வண்டியில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான அமெரிக்கர்களின் கருத்து புதிதாகத் தீவிரமாகிவிடவில்லை, கட்சிவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டார்கள் என்று அவர் விளக்கியபோது எனக்கு அந்தக் காட்சிதான் தோன்றியது. இனம், மதப்பற்று, வாழும் இடம் எல்லாம் ஒரே கோட்டில் கட்சியோடு சேர்ந்துவிட்ட பிறகு, தேர்தலில் தோற்றால் கட்சி மட்டும் தோற்பதில்லை, வீடே தோற்றதுபோல ஆகிவிடுகிறது. 1960இல் தம் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்வதை விரும்பாதவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். 2010இல் அதே வகைக் கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் வருந்துவோம் என்றார்கள்.

நம்மில் யார் கட்சியைப் பார்த்துப் பெண் கொடுப்போம் என்று அவர் கேட்டதும் மாடியே சிரித்தது. பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார் மட்டும், “கட்சியை யார் சார் கேட்கிறார்கள்? அதற்கு முன்னால் கேட்கிற கேள்வியிலேயே பாதிச் சம்பந்தம் போய்விடுகிறதே” என்றார். சிரிப்பு நின்றது. பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கேயே அரைமணி நேரம் நின்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாம் வகுப்புக்கு அழைக்கப்பட்டிருந்த இளைஞர் எல்லாப் பழியையும் கைப்பேசியின் மேல் போட்டார். கேட்கச் சுவையாக இருந்தது, ஆனால் அரைகுறை. இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்களிடையேதான் பிளவு அதிகமாக வளர்ந்திருக்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதைப் பேராசிரியர் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 2018 இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருந்தவர்களிடம் கொள்கை இடைவெளி சற்றுக் குறைந்தது. எதிர்க்கட்சியினர் மீதான கசப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. கூடவே நாட்டு நடப்பு அறிவும் குறைந்துவிட்டது. கைப்பேசிக்கு முன்பே கதை தொடங்கிவிட்டது என்பதற்கு அவர் சொன்ன ஆண்டுகளைக் குறித்துவைத்திருக்கிறேன்: வானொலியும் தொலைக்காட்சியும் இருதரப்பையும் சொல்ல வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டு விதி 1987இல் கைவிடப்பட்டது, மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் ஒருசார்பு வானொலிப் பேச்சு நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது, 1996இல் ஃபாக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. ஆகிய செய்தித் தொலைக்காட்சிகள் வந்தன. பொருளாதார ஏற்றத்தாழ்வுக்கும் மூடிய ஆலைகளுக்கும் பத்தே நிமிடம் ஒதுக்கியது சரியில்லை.

தொகுதி எல்லைகளைப் பற்றிய வகுப்பில்தான் நம்மூர்க்காரர்களுக்கு வாய் திறந்தது. வடஆற்காடு 1989இல் இரண்டானதையும், 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததையும், 2008 மறுவரையறையில் வந்தவாசி மக்களவைத் தொகுதி மறைந்து ஆரணி முளைத்ததையும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நம் நாட்டில் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் அந்த மக்களவைத் தொகுதி எல்லையை வரைந்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றப் பெரும்பான்மைக் கட்சியே வரைகிறது. 1812இல் மாசச்சூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி காலத்துத் தொகுதியொன்று பல்லி போன்ற சாலமாண்டர் என்ற உயிரியின் வடிவில் இருந்ததாகக் கேலி செய்யப்பட்டதிலிருந்து இது ஓயவில்லை. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் கைகழுவிவிட்டது. ஆனால் மாநிலம் முழுவதுமே ஒரு தொகுதி, அதன் எல்லையை யாரும் மாற்றி வரைய முடியாது என்றிருக்கும் செனட்டிலும் இதே பிளவு இருக்கிறதே என்று பேராசிரியரே எதிர்க்கேள்வி போட்டது நேர்மையானது. பெரும்பாலான தொகுதிகளில் வெற்றி முன்பே முடிவானது என்பதால், உண்மையான போட்டி கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, குறைவான பேர் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலில் நடக்கிறது. அங்கே வந்து வரிசையில் நிற்பவர்கள் தீவிரமானவர்கள். இதைத்தான் அவர் முக்கியமாகக் கொண்டார்; நானும் அப்படியே கருதுகிறேன்.

கடைசி வகுப்புதான் ஏமாற்றம். நோயை ஐந்து வாரம் ஆராய்ந்துவிட்டு மருந்துகள் அத்தனையையும் இரண்டே மணி நேரத்தில், அதிலும் அரைமணி மின்வெட்டோடு, கொடுக்கப் பார்த்தார்கள். தொடக்கம் நன்றாகவே இருந்தது. குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டார். முப்பது, நாற்பது என்றோம். அமெரிக்கர்களே சராசரியாக 38 என்றார்களாம். உண்மை சுமார் 2. எதிரணியைப் பற்றிய இந்தத் தப்புக்கணக்கைத் திருத்தினால் வெறுப்பு கொஞ்சம் தணியும் என்றார். பிளவைத் தணிக்கப் பார்த்த வேறு முயற்சிகளாக, 2019இல் டல்லாஸில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வாக்காளர்களை நான்கு நாள் உட்காரவைத்துப் பேசவிட்ட முயற்சியையும், அதே ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகர நாளிதழ் தன் கருத்துப் பக்கத்திலிருந்து தேசிய அரசியலை ஒரு மாதம் நீக்கியதையும் சொன்னார். இரண்டிலும் சிறிது பலன் கிடைத்தது.

பிறகு விருப்ப வரிசை வாக்கு. மெய்ன் மாநிலம் 2018இலும் அலாஸ்கா 2022இலும் இதைப் பயன்படுத்தத் தொடங்கின. எல்லாரும் புரியாமல் விழித்தபோது, எண்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியர் எழுந்து, 1986இல் கலைக்கப்படும் வரை நம் சட்ட மேலவையின் ஆசிரியர் தொகுதிக்கு 1, 2, 3 என்று எண் போட்டுத் தாம் வாக்களித்ததையும், கடைசியில் நிற்பவர் விலக்கப்பட்டதும் அவர் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போவதையும் விளக்கினார். நம் குடியரசுத் தலைவரையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எதிரணியின் இரண்டாவது விருப்பமும் தேவைப்படும் வேட்பாளர் அவர்களை ஏச மாட்டார் என்பது அவர் வாயிலிருந்து வந்தபோது பாடமே தெளிவாகிவிட்டது.

தேர்தல் விதியை மாற்றுவதா, மனத்தை மாற்றுவதா என்ற இடத்தில் பேராசிரியர் மனத்தின் பக்கம் சாய்ந்தார். எனக்கு உடன்பாடில்லை. அதே வேளையில், விதியை மாற்ற வேண்டியவர்கள் அந்த விதியால் வென்றவர்கள்தான் என்ற முடிச்சு இருக்கிறது. தொகுதிக்கு ஒருவர் என்பதை விட்டு, வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரத்துக்குப் போக, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே மாற்ற வேண்டும். எல்லை வரைவதைச் சுதந்திர ஆணையத்திடம் ஒப்படைத்த கலிபோர்னியா வாக்காளர்களே, டெக்சஸ், வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரையும் தன் தொகுதி வரைபடத்தை நடுவிலேயே மாற்றியதற்குப் பதிலடியாக, நவம்பர் 2025இல் அந்த ஆணையத்தின் மக்களவை வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்தார்கள். அலாஸ்காவில் விருப்ப வரிசையை ஒழிப்பதற்கான 2024 வாக்கெடுப்பில் அது சில நூறு வாக்குகளில்தான் தப்பியது. இதையெல்லாம் விரிவாகப் பேச வேண்டிய நேரத்தில் நன்றியுரை தொடங்கிவிட்டது.

அடுத்த சுற்றில் மாற்று வழிகளுக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் 900 ஆகுமாம். அப்போதும் தரலாம். சேருகிறவர்கள் வரைபடங்களுக்காகச் சிவப்பு, நீலப் பென்சில்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சுற்றும் விசிறி படிக்கட்டுப் பக்கம் இருப்பது. அதன் அடியில் இடம் வேண்டுமென்றால் ஒன்பதரைக்கே போய்விட வேண்டும்.