ஆண்டிக் டபுள் பேரல்னு சொல்லி 1,75,000 ரூபாய முழுங்கிட்டாங்க, பழைய துப்பாக்கி வாங்குறவங்க படிச்சிட்டு போங்க

இன்னும் கோவம் அடங்கல, அதனால எழுத்துல முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க. கடை பேர் போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஈ.சி.ஆர் பக்கம் இருக்கிற ஒரு ஆண்டிக் ஷோரூம், பழைய ஊஞ்சல், கிராமஃபோன், தஞ்சாவூர் படம்லாம் வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி இடம், அவ்ளோதான் சொல்ல முடியும்.

ஹால்ல மாட்ட ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வேணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஓனர் இருக்காரே, வெள்ளை வேட்டி, நெத்தியில விபூதி, போனதும் ஃபில்டர் காபி, "வாங்கலன்னா பரவால்ல சார், ரசிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் காட்டுவேன்"னு ஒரு பிட்டு. உள்ள இருந்து பச்சை வெல்வெட் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. என் கைல வெள்ளை கிளவுஸ் மாட்டி விட்டாரு பாருங்க, அங்கதான் நான் கவுந்தேன். ஏதோ மியூசியத்துல நிக்கிற ஃபீல். பன்னெண்டு போர் (அது குழலோட அளவு), டமாஸ்கஸ் குழல், 1880ல லண்டன்ல செஞ்சது, ஜமீன் வீட்டுப் பொருள், குழலுக்கு நடுவுல "ஓக்ஸ் அண்ட் கோ, மெட்ராஸ்"னு இங்கிலீஷ்ல வெட்டியிருந்துச்சு. அந்தக் காலத்துல துப்பாக்கி அங்க செஞ்சு வரும், விக்கிற மெட்ராஸ் கம்பெனி பேர் மேல இருக்கும், அது உண்மைதான், அதனால சந்தேகமே வரல. முன்கட்டைய, அதாவது குழலுக்கு அடியில கை பிடிக்கிற மரத்த, கழட்டிக் காட்டுங்கன்னு கேட்டேன். "அத கழட்டுனா வேல்யூ போயிடும் சார்"னாரு. ஏன் சொன்னாருன்னு இப்பதான் புரியுது, அயோக்கியத்தனம் மொத்தமும் அந்தக் கட்டைக்கு அடியிலதான் இருந்துச்சு.

லைசென்ஸ் வேணாமான்னு கேட்டதுக்கு "ஃபயரிங் பின், தோட்டாவ தட்டி வெடிக்க வைக்கிற ஊசி, அத எடுத்தாச்சு, இது இப்ப ஷோ பீஸ்"னு லெட்டர்பேட்ல ஒரு சர்டிபிகேட் சீல் குத்தி குடுத்தாரு. 1,75,000 ரூபாய் ஜிபேலயும் கேஷாவும் கட்டினேன்.

அப்புறம் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில பல வருஷமா ரிப்பேர் பாக்குற பாய் ஒருத்தர்கிட்ட பேசினேன். "தூக்கிட்டு வந்துராதீங்க தம்பி, முன்கட்டைய கழட்டி குழல எடுங்க, அடியில தட்டையா ஒரு இடம் இருக்கும், அத மட்டும் போட்டோ எடுத்துட்டு வாங்க"ன்னாரு. போன்ல பெருசாக்கி பாத்துட்டு சிரிச்சாரு. இங்கிலாந்து துப்பாக்கின்னா கிரீடம் போட்ட புரூஃப் மார்க், அதாவது குழல சுட்டு சோதிச்சதுக்கு அடிக்கிற முத்திரை, இருக்கணுமாம். லண்டன்னா கிரீடத்துக்கு கீழ ஜி.பி, இன்னொரு கிரீடத்துக்கு கீழ வி. அந்தக் காலத்து பர்மிங்காம்னா கிரீடமும் குறுக்கு மறுக்கா ரெண்டு செங்கோலும். என்னோடதுல முட்டை வடிவத்துக்குள்ள ஈ.எல்.ஜி. அது பெல்ஜியத்துல லியேஜ் ஊர் முத்திரை. பெல்ஜியம் துப்பாக்கி மட்டம்னு இல்ல, அங்கயும் நல்ல வேலைக்காரங்க உண்டு, ஆனா அந்தக் காலத்துல மலிவு துப்பாக்கி உலகம் பூரா போனதும் அங்க இருந்துதான், அத லண்டன்னு சொல்லி விக்கிறது என்ன நியாயம்?

அதோட முடியல. குழல்ல ஒரு நம்பர், முன்கட்டை இரும்புல வேற நம்பர், அதாவது ரெண்டு துப்பாக்கிய ஒன்னாக்கிருக்காங்க. டமாஸ்கஸ்னா இரும்பையும் ஸ்டீலையும் பட்டை பட்டையா முறுக்கி, சுத்தி, சூட்டுல அடிச்சு ஒட்டுறது, அந்த வரி குழல் முழுக்க ஓடும். என்னோடதுல முன்கட்டை மூடுற இடத்துல வரி டக்குனு நின்னு போய் வெறும் ஸ்டீல். ஆசிட் வெச்சு வரைஞ்சிருக்கான்! ஓக்ஸ் பேர் பக்கத்துல இருந்த பூ வேலை தேஞ்சு மழுங்கி கெடக்கு, எழுத்து மட்டும் நேத்து வெட்டுன மாதிரி கூர்மை, துரு குழிக்கு மேலயே வெட்டியிருக்கான்.

அடுத்து சொன்னதுதான் வயித்த கலக்குச்சு. "பின் போட்டா இது சுடும் தம்பி." ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45ல பழைய ஆயுதத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத நிலையில இருக்கணும். பின் எடுத்தது அந்தக் கணக்குல வராது. அதாவது லைசென்ஸ் இல்லாம ஒரு துப்பாக்கிய என் வீட்ல வெச்சிருக்கேன், பசங்க இருக்கிற வீடு! வக்கீல் ஸ்டேஷன்ல முன்கூட்டியே பேசி அங்கயே ஒப்படைச்சாச்சு. பொருளும் போச்சு, 1,75,000மும் போச்சு.

கடைக்கு போன் பண்ணா மொதல்ல "சார் வெளியூர்ல இருக்காரு". அப்புறம் "ஆடி முடியட்டும் சார், நல்ல விஷயமா பேசுவோம்". பணத்த திருப்பி குடுக்க எதுக்குய்யா ஆடி முடியணும்? வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போனேன், காபி இல்ல, உக்காரக் கூட சொல்லல, "நீங்களே குழல மாத்திட்டு வந்தீங்களோ என்னவோ"ன்னான் அந்த வெள்ளை வேட்டி. பில்ல எடுத்து காட்டுனா அதுல துப்பாக்கிங்கிற வார்த்தையே கிடையாது, "அலங்காரப் பொருள், உலோகம், ஒன்னு"ன்னு இருக்கு, கீழ பொடி எழுத்துல விற்ற பொருள் வாபஸ் இல்ல. 1,75,000 ரூபாய்க்கு அலங்காரப் பொருள்!

டிப்ஸ் விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், மனசு இல்ல. முன்கட்டைய கழட்ட விடலன்னா எழுந்து வந்துருங்க. குழல், ஆக்ஷன் (குழல் வந்து பொருந்துற நடு இரும்புப் பகுதி), முன்கட்டை மூணுலயும் நம்பர் ஒன்னா இருக்கான்னு பாருங்க. நெஜ டமாஸ்கஸே கிடைச்சாலும் இப்பத்திய தோட்டா போட்டு சுடாதீங்க, அதுல பெரும்பாலானது கரிமருந்துக்கு செஞ்சது, வெடிச்சா கை போயிடும். லைசென்ஸ் வேணாம்னு கடைக்காரன் சொல்றத நம்பாதீங்க, சென்னைன்னா கமிஷனர் ஆபீஸ்ல கேளுங்க. பில்லுல என்ன எழுதுறான்னு நின்னு படிங்க.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, அடுத்து நுகர்வோர் கோர்ட். நேத்து அதே ஆளு ஸ்டேட்டஸ்ல இன்னொரு டபுள் பேரல் போட்டிருக்கான், அதே பச்சை வெல்வெட்டு. ஈ.சி.ஆர்ல இந்த மாதிரி வாங்கி மாட்டுனவங்க யாராவது இருந்தா பில் போட்டோவோட இன்பாக்ஸ் வாங்க, சேந்தே கேஸ் போடுவோம்.