சவரக்கத்தியா, பிளேடு மாட்டும் கத்தியா: புதிதாகப் பழகுபவருக்கு எது தோது?

சவரக்கத்தி பழக ஆசைப்படுபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "முதலில் பிளேடு மாட்டும் கத்தியில் பழகுங்கள், கை படிந்ததும் நிஜக் கத்திக்குப் போகலாம்." விலை குறைவு, தீட்டும் வேலை இல்லை, பிடிக்காவிட்டால் ஓரமாகப் போட்டுவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தில் வைத்தால் கதை வேறு. கை கொஞ்சம் பிசகினால் தோலை அதிகம் பதம் பார்ப்பது இந்த விலை குறைந்த கத்திதான்.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். சவரக்கத்தி என்பது ஒரே எஃகுத் துண்டு. ஒரு பக்கம் தடித்த முதுகு, மறுபக்கம் வெட்டும் விளிம்பு, கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கூர் மழுங்கினால் தீட்டித்தான் ஆக வேண்டும். ஷேவெட் என்ற பெயரில் விற்கும் பிளேடு மாட்டும் கத்தி பார்க்க அதே மாதிரி இருக்கும். வெட்டுவது மட்டும் சாதாரண இருபக்க பிளேடின் பாதி. பிளேடை அதன் காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடித்து ஒடித்து, ஒரு பாதியைச் செருகிப் பூட்ட வேண்டும்.

வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. அந்த பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். புது பிளேடின் கூர் மிக அதிகம், முழுச் சவரக்கத்தியைவிடக் கடுமையாகவே வெட்டும். அதோடு ஒடித்த பிளேடின் இரண்டு மூலைகளும் கூர்மையாக நிற்கும். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையிலோ காது மடலுக்குக் கீழேயோ போகும்போது நம் பார்வை பிளேடு விளிம்பின் நடுவில் இருக்கும், தோலைக் கீறுவது மூலையாக இருக்கும். பிளேடு ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்திருந்தாலும் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். மாட்டியதும் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும்.

சவரக்கத்தியில் முனையை உருட்டிவிட்ட வகை கிடைக்கிறது. பழகுபவர் அதைத்தான் வாங்க வேண்டும். சதுர முனை அழகாக இருந்தாலும் அது பிறகு. தோல்வாரில், அதாவது கூரைச் சீராக்கும் தோல் பட்டையில், தேய்த்துப் பதமாக்கிய விளிம்பு சருமத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கத்தியின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும், கை அழுத்தத் தேவையில்லை. ஷேவெட் லேசானது. லேசாக இருப்பதால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் எரிச்சல். இன்னொன்று, இரு பக்கமும் குழிவாகச் சீவப்பட்ட சவரக்கத்தி முடியை வெட்டும்போது சன்னமாக ஒலிக்கும். கோணம் சரியாக இருந்தால் ஒரு மாதிரி, தட்டையாகப் போனால் வேறு மாதிரி. காது கேட்டுக் கை திருத்திக்கொள்ளும். ஷேவெட்டில் இந்தத் துப்பு அவ்வளவாகக் கிடைக்காது.

இவ்வளவு சொன்னாலும் சவரக்கத்தியின் பக்கம் ஒரு பெரிய சுமை இருக்கிறது: தோல்வார். ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் கத்தியை வாரில் 40, 50 தடவை போய் வரத் தேய்க்க வேண்டும். முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் இழுபட்டு வர வேண்டும். வாரின் கோடிக்கு வந்ததும் கத்தியை எப்படித் திருப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதுகு வாரை விட்டு எழும்பவே கூடாது. முதுகின் மேலேயே புரட்டி, விளிம்பு மேலாகச் சுற்றி மறுபக்கம் வர வேண்டும். விளிம்புப் பக்கமாகப் புரட்டினால் வாரில் ஒரு வெட்டு விழும், கத்தியின் கூரும் போகும். ஆரம்பத்தில் வாரில் வெட்டு விழாதவர் அபூர்வம். ஆகவே முதல் வார் சாதாரணமானதாக இருக்கட்டும். வார் தொய்ந்தாலும் கூர் உருண்டுவிடும், விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி படபடவென்று தேய்க்கும் வித்தை நமக்கு வேண்டாம். மெதுவாகச் செய்தாலும் அதே பலன்தான்.

சாணைக்கல் விவகாரம் தனி. வாரில் தேய்ப்பது ஷேவுக்கு ஷேவ், கல்லில் தீட்டுவது பல மாதங்களுக்கு ஒருமுறை. கல்லில் முதுகும் விளிம்பும் சேர்ந்து படுத்துக்கொள்வதால் கோணம் தானாக அமைந்துவிடும், அந்த அளவில் வசதி. ஆனால் 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 என்று (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) ஏறும் வரிசையும் ஒவ்வொன்றிலும் எப்போது நிறுத்துவது என்பதும் ஷேவிங்கைவிடப் பெரிய படிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் பழக முயன்றால், முகம் எரியும்போது குற்றம் கையிலா கூரிலா என்று தெரியாமல் போகும். கல்லை இப்போதைக்கு மறந்துவிட்டு, தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்வதே நல்லது.

இந்தக் கூர் விஷயத்தில்தான் பலர் சவரக்கத்தியை வெறுத்து ஒதுக்குகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கத்திகள் பலவும் நேராக ஷேவ் செய்யும் கூரில் வருவதில்லை. விற்பவர் கையால் தீட்டித் தருகிறாரா என்று கேட்டு வாங்க வேண்டும். அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், பக்கங்களின் குழிவு நடுத்தரம், முனை உருண்டை, இது போதும். ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய ஊர் முத்திரை கொண்ட பழைய கத்திகளும் நல்ல தேர்வுதான், விளிம்பை ஒட்டித் துருக்குழி இல்லாதவரை. அலங்கார வேலைப்பாட்டோடு அடிமாட்டு விலைக்கு வருவதெல்லாம் கத்தி வடிவத்தில் இருக்கும் பொம்மை. அவற்றில் பல தீட்டினாலும் கூர் பிடிக்காது.

சேஃப்டி ரேசர் இந்தப் போட்டியில் பாதிதான் சேரும். 1904ல் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய அந்த வடிவத்தில் தலைப்பாகமே கோணத்தைத் தீர்மானித்துவிடுவதால் சவரக்கத்திக்கு வேண்டிய முக்கியமான பாடத்தை அது சொல்லித்தராது. ஆனால் நுரை கட்டுவது, முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிந்துகொள்வது, அழுத்தாமல் இழுப்பது, மூன்றும் அதில் பழகிவிடும். தலையை மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரிலிருந்து நேராகக் கத்திக்குத் தாவுவதைவிடச் சில வாரம் இதில் இருந்துவிட்டு வருவது மேல்.

கையாளும் முறை இரண்டு கத்திக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வு. ஷேவெட்டில் இன்னும் கொஞ்சம் படுக்கையாக. மறுகையால் தோலை இழுத்துப் பிடிப்பது இதில் பாதி வேலை. தாடை எலும்பின் மேல் கத்தியை ஓட்டவே வேண்டாம். கழுத்துத் தோலைக் கன்னத்தின் மேல் ஏற்றி இழுத்துவிட்டால் எலும்பு மேட்டில் இருந்த முடி சமதளத்துக்கு வந்துவிடும். முதல் சில தடவை கிருதாவுக்குக் கீழே இரண்டு கன்னம் மட்டும் போதும், மிச்சத்தைப் பழைய ரேசரில் முடித்துக்கொள்ளலாம். மேலுதடும் முகவாயும் கடைசியில். முடியை எதிர்த்து இழுப்பதை நினைக்கவே வேண்டாம். எந்தக் கத்தியானாலும் பக்கவாட்டில் அசைந்தால் வெட்டுதான். சின்ன வெட்டில் ரத்தம் கசிந்தால் ஈரமுகத்தில் படிகாரம் தேய்த்தால் நிற்கும்.

பராமரிப்பில் ஷேவெட் வெல்கிறது, சந்தேகமில்லை. பிளேடைக் கழற்றி எறிந்தால் கதை முடிந்தது. கார்பன் எஃகுக் கத்தியை ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாளே துருப்புள்ளி தெரியும், அதுவும் கைப்பிடி இணையும் ஆணிப் பக்கத்தில். துடைத்து, காற்றாட வைத்து, நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் துளி எண்ணெய் தடவ வேண்டும். அலம்பும்போது குழாயில் ஒரு இடி பட்டாலும் விளிம்பு சில்லுப் போகும்.

ஷேவெட் யாருக்கு, அப்படியானால்? பலருக்கு ஷேவ் செய்பவருக்கு வேறு வழியே இல்லை. ஆளுக்கு ஒரு புது பிளேடு என்பது ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. பரவாமல் இருக்க அவசியம். சலூன்களில் இது நிலைத்ததற்குக் காரணமும் அதுதான். தாடி வைத்துக்கொண்டு ஓரம் மட்டும் கோடு போட்டாற்போல் திருத்துபவருக்கும், அடிக்கடி பயணம் போகிறவருக்கும் அது போதும். கையில் ஏற்கெனவே ஷேவெட்தான் இருக்கிறது என்றால், மூலை உருட்டப்பட்ட, தடித்த பிளேடு ஏற்கும் வகைக்கு மாறலாம். ஜப்பானின் ஃபெதர் நிறுவனம் இந்த வகைக் கத்திக்கென்றே தனி பிளேடு செய்கிறது. அதில் விளிம்பை ஒட்டித் தடுப்பு வைத்த பிளேடும் உண்டு. பழகும் கைக்கு அதைத்தான் சொல்வேன்.

மற்றபடி, முழு முகத்தையும் கத்தியில் எடுத்துத்தான் தீர்வது என்று முடிவு செய்துவிட்டவர், வார் தேய்க்கும் ஐந்து நிமிடத்தைப் பாரமாக நினைக்காதவர், நேராகச் சவரக்கத்திக்கே போகலாம். நடுவில் ஷேவெட்டில் முகத்தைக் கீறிப் பழக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.