மலையகத்தில் சிக்னல் செயலி: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, வீட்டுல எல்லாரையும் சிக்னலுக்கு மாத்திடலாமா? ஆமா, இல்லன்னு ஒத்த வரியில சொல்லாம விவரமா எழுதுங்க." சிக்னல் என்பது வாட்ஸ்அப் போலவே மெசேஜும் கோலும் செய்யும், தனியுரிமைக்குப் பேர்போன செயலி. அதை எங்கே இறக்குவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். அன்றாடம் பாவிக்கிறவன் என்ற முறையில் எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலியில் வேறு குறைகளும் உண்டு, ஆனால் மாதா மாதம் திரும்ப வருவது இது ஒன்றுதான்.

சோஷியல் மீடியா பேக்கேஜ். லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலும்) சரி, டவுன் பக்கத்திலும் சரி, ரீலோட் போடுகிற பலர் முதலில் கேட்பது இதைத்தான். நான் போடும் பேக்கேஜில் வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எவ்வளவு ஓடினாலும் சாதாரண டேட்டாவில் கை வைக்காது. அதன் பட்டியலில் சிக்னல் இல்லை. அதனால் அதில் வரும் ஒவ்வொரு படமும், ஒவ்வொரு வீடியோ கோலும் சாதாரண டேட்டாவில் கழிகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள் தோட்டத்தில் இருக்கும் அம்மாவோடு தினமும் வீடியோவில் பேசுகிற வீட்டில் இந்த வித்தியாசம் சில நாட்களிலேயே கையைக் கடிக்கும். தனியுரிமை வேண்டும் என்பவர் கூடுதலாகக் காசு கட்ட வேண்டும், வேண்டாம் என்பவருக்கு மலிவு. இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

கம்பனிக்கு இந்தப் பிரிப்பு எப்படி முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெசேஜின் உள்ளே இருப்பது பூட்டியிருந்தாலும், இணைப்பு எந்த சேர்வருக்குப் போகிறது என்பது சிம் கம்பனிக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இதைக் கழிக்காதே, அதைக் கழி என்று பிரிக்கிறார்கள். நீங்கள் எந்த நேரத்தில் எந்தச் செயலியில் இருக்கிறீர்கள் என்று பார்க்க முடிவதால்தான் அந்த மலிவு பேக்கேஜ் ஓடுகிறது. இதிலிருந்து தப்ப, இணைப்பை வேறொரு சேர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வி.பி.என். போட்டவர்களுக்கு இன்னொரு அடி விழும். வி.பி.என். ஓடும்போது எல்லாம் ஒரே சேர்வருக்குப் போவதாகத் தெரிவதால் வாட்ஸ்அப்பும் சாதாரண டேட்டாவில் கழியத் தொடங்கும். "பேக்கேஜ் போட்டேன், டேட்டா மாயமாப் போச்சு" என்று புலம்புகிறவர்களின் போனில் முதலில் இதைப் பாருங்கள்.

டேட்டாவைக் குறைக்க சிக்னலின் அமைப்புகளில் ஐந்து இடங்களைத் தொட வேண்டும். டேட்டாவும் சேமிப்பும் என்ற பகுதியில், மொபைல் டேட்டாவில் தானாக இறங்கும் படம், வீடியோ, ஆவணம் எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் அனுப்பும் படத்தின் தரத்தை ஸ்டாண்டர்டில் வைத்து, கோலுக்குக் குறைந்த டேட்டா என்பதை மொபைல் டேட்டாவுக்கு இயக்குங்கள். அரட்டைப் பகுதியில் லிங்க் முன்னோட்டத்தை நிறுத்துங்கள். ஸ்டோரீஸையும் நிறுத்துங்கள். இதெல்லாம் செய்தபின் எழுத்து மெசேஜுக்குப் போகும் டேட்டா ஒரு பொருட்டே இல்லை. வீடியோ கோல் மட்டும் என்ன செய்தாலும் தின்னத்தான் செய்யும்.

இத்தனைக்கும் பிறகும் ஏன் வைத்திருக்கிறேன்?

மெசேஜைப் பூட்டும் முறை சிக்னல், வாட்ஸ்அப் இரண்டிலும் ஒன்றே. சிக்னலின் குறியாக்க முறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 ஏப்ரல் முதல் முழுமையாகப் பாவிக்கிறது. எனவே "வாட்ஸ்அப்பில் எழுதுவதை எல்லோரும் படிக்கிறார்கள்" என்று பயமுறுத்துவது சரியில்லை. வித்தியாசம் உறையின் மேல் எழுதியிருப்பதில் இருக்கிறது: யாரோடு, எப்போது, எத்தனை முறை, எந்தக் குழுவில். 2016 இல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குத் தொடுக்கலாமா என்று ஆராயும் குழு) விசாரணைக்காக சிக்னலிடம் ஒரு கணக்கின் விவரம் கேட்கப்பட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. வேறு எதையும் சேர்த்து வைக்காததால் கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. வாட்ஸ்அப் தொடர்பு விவரங்களையும் பாவனை விவரங்களையும் சேகரித்து, தன் தாய்க் கம்பனியின் மற்ற நிறுவனங்களோடு பகிர்வதாகத் தன் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் மலையகத்தில் எங்களுக்கு அன்றாடம் வரும் ஆபத்து, வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பனி இருக்கும் கலிபோர்னியாவிலிருந்து வருவதில்லை. அடையாள அட்டையின் படம்தான் ஆபத்து. வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்கு ஒன்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்க ஒன்று, அடகு கடைக்கு ஒன்று, சிம் எடுக்க ஒன்று என்று அது ஊரெல்லாம் சுற்றுகிறது. 12 இலக்க அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1996561 என்று தொடங்கினால் 1996 மார்ச் 1 பிறந்த பெண். பிறந்த திகதியைப் போன் பூட்டாகவும் ஏ.டி.எம். பின் ஆகவும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அட்டை எண்ணைக் கொடுத்தால் பாதி சாவியைக் கொடுத்த மாதிரிதான்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு நல்லது கிடைத்தது. சிக்னலுக்குள் இருக்கும் கமராவில் எடுத்த படம் போனின் கெலரிக்குப் போகாது. வந்த படமும் நீங்கள் சேமி என்று அழுத்தினால் ஒழிய கெலரியில் தெரியாது. கேட்க இது சின்ன விஷயம். ஆனால் லயத்து வீட்டில் ஒரு போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. பிள்ளை பாடம் பார்க்கும், மாமா கிரிக்கெட் பார்ப்பார், பக்கத்து வீட்டுத் தம்பி பாட்டு ஏற்றித் தருவான். கெலரியைத் திறந்தால் கலியாணப் படத்துக்கும் கோயில் தேருக்கும் நடுவில் அம்மாவின் அடையாள அட்டையும், சம்பளச் சீட்டும், கிளினிக் கொப்பியும் கிடக்கும். கூகிள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டருக்கும் பெக்கப் போட்டிருந்தால் அதெல்லாம் அங்கேயும் போயிருக்கும். சிக்னலில் இந்தக் கசிவு இல்லை. அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் ஸ்கிரீன் லொக்கைப் போட்டுவிட்டால் போன் கைமாறினாலும் செயலியைத் திறக்க உங்கள் கைரேகையோ போனின் பூட்டு எண்ணோ வேண்டும். நோட்டிபிகேஷனில் பெயரும் மெசேஜும் காட்டாதே என்பதையும் அழுத்துங்கள்.

அட்டைப் படம் அனுப்பும்போது இப்படிச் செய்யுங்கள். சிக்னல் கமராவில் எடுங்கள். எழுத்துக் கருவியால் படத்தின் குறுக்கே யாருக்கு, எதற்கு, என்ன திகதி என்று எழுதுங்கள். தேவையில்லாத எண்ணைக் கறுப்புத் தூரிகையால் தடித்து மூடுங்கள். மங்கலாக்கும் கருவி முகத்துக்குச் சரி, இலக்கங்களுக்குப் போதாது. மங்கல் லேசாக இருந்தால் ஊகித்துவிடலாம். ஹைலைட்டர் போன்ற ஒளி ஊடுருவும் நிறம் வேண்டவே வேண்டாம், பிரகாசத்தைக் கூட்டினால் கீழே இருப்பது தெரிந்துவிடும். தரத்தை இந்த ஒரு தடவை மட்டும் உயர்வாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் சின்ன எழுத்து வாசிக்க வராமல் திருப்பிக் கேட்பார்கள். அந்த அரட்டைக்கு மறையும் மெசேஜை ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் இதெல்லாம் பலிக்காது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கொமியூனிகேஷன் கடையில் இந்த ஏற்பாடு முழுதாகக் கவிழ்கிறது. பிரிண்ட் எடுக்கப் போனால் "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்பார்கள். கடைக் கம்பியூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊர் முழுவதும் இருக்கும். சிக்னல் எண் கேட்டால் விழிப்பார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள். முடிந்தால் போனிலேயே செருகக்கூடிய ஓ.டி.ஜி. பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்டுபோய், டிரைவிலிருந்தே பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் பிரிண்ட் வந்த கையோடு, கடையில் நிற்கும்போதே எல்லோருக்கும் அழி என்பதை அழுத்தி, டவுன்லோட்ஸில் இருப்பதையும் அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் போனால் எல்லோருக்கும் அழி என்பது வராது.

அடுத்தது கோல். தொடர்பில் இருப்பவரோடு பேசும்போது சிக்னல் முடிந்தவரை நேராக இணைக்கும், அதனால் உங்கள் ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) மற்றவருக்குத் தெரியலாம். எப்போதும் ரிலே செய் என்பதைப் போட்டால் அது மறையும், ஆனால் கோல் சிக்னலின் சேர்வர் வழியாகச் சுற்றி வருவதால் தாமதம் கூடும். கவரேஜ் கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் பள்ளத்துத் தோட்டங்களில் அந்தத் தாமதம் பேச்சையே கெடுத்துவிடும். வீட்டு ஆட்களோடு பேச அது தேவையில்லை, நிறுத்தியே வையுங்கள்.

மெசேஜ் நேரத்துக்கு வருவதில்லை என்ற குறை பெரும்பாலும் போனின் வேலை. ரெட்மி, ஷாவ்மி போன்களில் ஓட்டோஸ்டார்ட்டை இயக்கி, பெட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று வைக்க வேண்டும். சாம்சங்கில் ஒருபோதும் உறங்காத செயலிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் செயலியைத் திட்டாதீர்கள்.

போன் செத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் சார்ஜிங் போர்ட் பச்சை பூத்துப் போவது புதிதில்லை. சிக்னல் உங்கள் பேச்சைத் தன் சேர்வரில் வைத்திருப்பதில்லை, பெக்கப் போடாத போன் போனால் எல்லாம் போயிற்று. பழைய முறையில் பெக்கப் கோப்பு போனிலேயே விழும், 30 இலக்கக் கடவுச்சொல் வரும். கோப்பை மாதம் ஒரு தடவையாவது மெமரி கார்டுக்கோ கம்பியூட்டருக்கோ மாற்றுங்கள். புதுப் போனில் முதல் பதிவின்போதே அதைத் திரும்ப ஏற்ற வேண்டும், பதிவு முடிந்தபின் ஏற்றலாம் என்று விட்டால் வராது. 2025 செப்டம்பரில் அறிமுகமான புதிய பெக்கப் அவர்களது சேர்வரில் பூட்டிய நிலையில் இருக்கும், அதன் சாவி 64 எழுத்து. எந்தச் சாவியானாலும் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். தொலைத்தால் சிக்னல்காரர்களாலும் திறக்க முடியாது.

மலிவு பேக்கேஜுக்காக சிம் மாற்றுகிறவர்கள் கவனிக்க: சிக்னல் கணக்கு உங்கள் போன் எண்ணோடு கட்டியது. புதிய சிம் போட்டதும் கணக்குப் பகுதியில் எண்ணை மாற்று என்பதைச் செய்யுங்கள். விட்டுவிட்ட எண் பின்னொரு நாள் வேறொருவருக்குப் போனால் அவர் அதே எண்ணில் பதியலாம். பழைய பேச்சு அவருக்குத் தெரியாது, ஆனால் உங்களுக்கு என்று அனுப்புவது அவரிடம் போகும். பின் இல்லாமல் உங்கள் எண்ணை வேறு யாரும் பதிய விடாத பதிவுப் பூட்டு இதைத் தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், கணக்கு ஏழு நாள் ஓடாமல் கிடந்தால் அது விலகிவிடும். புதியவர்களுக்கு எண்ணே கொடுக்கத் தேவையில்லை. 2024 இல் வந்த பயனர் பெயரைக் கொடுத்து, எண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று வைக்கலாம். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பாடக் குழுவிலோ வேலைக் குழுவிலோ சேரும்போது இது ஒன்றுக்காகவே சிக்னலைச் சொல்வேன்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு புகழ்ந்த பிறகும், அம்மாவின் போனை மாற்ற வேண்டாம். பேக்கேஜ் இப்படி இருக்கும்வரை வேண்டாம். அவருக்குப் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும், டேட்டா முடிந்து கோல் அறுந்தால் அந்தக் கோபம் செயலி மேல்தான் விழும், அதோடு அதை எடுத்தும் விடுவார். அவரது வாட்ஸ்அப்பில் அரட்டை பெக்கப்புக்குள் போய் முழுக் குறியாக்கத்தை இயக்குங்கள். 2021 முதல் இருக்கிறது, தானாக இயங்காது. அதைச் செய்யாவிட்டால் கூகிள் டிரைவில் போகும் பெக்கப்புக்கு அந்தப் பூட்டு இல்லை. படங்கள் கெலரியில் தெரிய வேண்டாம் என்பதையும் அதே அரட்டைப் பகுதியில் நிறுத்துங்கள். இரட்டைச் சரிபார்ப்புப் பின்னையும் போடுங்கள், பிறந்த திகதி இல்லாத ஒன்றாக.

நீங்களும், மனைவியும், ஏஜென்சி காகிதங்களோடு அலையும் தம்பியும் சிக்னலுக்கு வாருங்கள். மூன்று பேருக்கு எழுத்தும் காகிதமும் அனுப்ப ஆகும் டேட்டா தாங்கக்கூடியது. அடுத்த ரீலோட் போடும்போது பேக்கேஜின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் செயலிப் பட்டியலை வாசியுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஹொட்லைனுக்கு அழைத்து ஏன் இல்லை என்று கேளுங்கள், முறைப்பாட்டு எண்ணையும் வாங்குங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.