தகனமா, நல்லடக்கமா, உடல்தானமா?

கொழும்புப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஒன்றில் பொரளை கனத்தை இந்து மயானத்தில் தகனம், பக்கத்தில் இன்னொருவருக்கு நல்லடக்கம். அதற்கு முன் வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம் அச்சாவதில்லை.

சைவர்கள் பெரும்பாலும் தகனத்தையே நாடுகிறார்கள். வாய்க்கரிசி, கொள்ளி, காடாற்று, அந்தியேட்டி என்று கிரியைகளும் நெருப்பை ஒட்டியே அமைந்தவை. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வசதிப்படாதவர்கள் கொழும்பு முகத்துவாரத்தில் சாம்பலைக் கரைக்கிறார்கள். ஆனால் குழந்தைகளையும் துறவிகளையும் புதைப்பதும் இதே சைவம்தான். சுடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அடித்துப் பேசும் பெரியப்பாமார் இதைக் கவனிக்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு இடம் கொடுத்தது. அடக்கத்தையே இன்றும் விரும்புகிறது. சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு அறிவுறுத்தல். பௌத்தர்களுக்குத் தகனம், அடக்கம் இரண்டும் சம்மதம்.

இஸ்லாத்தில் அந்த நெகிழ்வு இல்லை. குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுகை நடத்தி, தாமதமின்றி அடக்கம் செய்வது சமூகத்தின் கடமை. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்கள் அனைவரையும் எரிக்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்த காலம் அது. 20 நாள் சிசுவும் எரிக்கப்பட்டபோது, கனத்தை வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் விதி மாறி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஜனாஸாக்கள், அதாவது முஸ்லிம்களின் உடல்கள், அடக்கத்துக்காகக் கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்குப் போயின. கட்டாயத் தகனத்துக்காக 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றார்கள். அதில் முஸ்லிம்கள் இழந்ததை மற்றவர்கள் இழக்கவில்லை.

மருத்துவ பீடத்துக்கு உடலைக் கொடுத்தால் கொள்ளியும் இல்லை, குழியும் இல்லை. உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் முறை சைவத்தில் உண்டு என்றாலும், அம்மாவின் உடலை விட்டுக்கொடுக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். அதில் தவறில்லை. உடல்தானம் பற்றி முஸ்லிம் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கண்தானம் அவ்வளவு சிக்கலானதல்ல. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம், இலங்கையர் கண்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான விழிவெண்படலத்தைக் கொடுத்த பிறகும் உடலை எரிக்கலாம், புதைக்கலாம். சைவ வீட்டுக்கு நான் சொல்வது கண்தானமும் தகனமும்தான். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், மலர்ச்சாலைக்குச் சொல்லும் முன் கண்தான சங்கத்துக்குச் சொல்லிவிடுங்கள்.