கத்தரி வெயிலில் கழற்றி வைக்கும் பெட்டி: அபார்த் புன்ட்டோவில் ஐந்து வருஷ பிக்கிபேக் அனுபவம்

என்னிடம் இருப்பது 2016 மாடல் ஃபியட் அபார்த் புன்ட்டோ, டிஎன் 23 வண்டி. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்கில் 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர். 2020 தை மாதம் இதில் ஒரு பிக்கிபேக் பெட்டி மாட்டினேன். அதற்குப் பிறகு 58,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாட்டிய முதல் வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது வேலூர் வெயிலும் மழையும் மாறிப்போன பெட்ரோலும் பார்த்தாகிவிட்டது.

பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை மேப் சென்சார் 0-லிருந்து 5 வோல்ட்டுக்குள் ஒரு அளவாக ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும். பெட்டி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும் நேரத்தில் அந்த வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். பூஸ்ட் போதவில்லை என்று நம்பி ஈசியு டர்போவை இன்னும் ஏற்றும். பிக்கப் கூடுவது இதனால்தான். ஆனால் காற்று குறைவு என்று நம்பும் அதே ஈசியு பெட்ரோலையும் குறைத்துத்தான் ஊற்றும். லோடு குறைவு என்று நம்பி ஸ்பார்க்கையும் சீக்கிரமே அடிக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, ஸ்பார்க் சீக்கிரம் என்றால் நாக்கிங்குக்கு (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வேறு அழைப்பு தேவையில்லை. விற்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஜப்பான்காரர்கள் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். அபெக்ஸி கம்பெனியின் சூப்பர் ஏர்ஃப்ளோ கன்வெர்ட்டர் காற்றளவுச் சிக்னலை மட்டும் திருத்தியது. கிரெட்டி கம்பெனியின் இ-மேனேஜ் இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் சேர்த்துத் தொட வழி செய்தது. ரீமேப் (ஈசியுவின் புரோகிராமையே மாற்றுவது) செய்தால் இதையெல்லாம் ஈசியுவுக்குள்ளேயே ஒழுங்காக எழுதிவிடலாம். பிறகு ஏன் பெட்டி வாங்கினேன்? பத்து நிமிஷத்தில் கழற்றலாம் என்பதற்காகத்தான். அந்த முடிவு எவ்வளவு சரி என்று எனக்கே மே மாதம்தான் புரிந்தது.

தை, மாசியில் வண்டி பறந்தது. பள்ளிகொண்டா டோல் தாண்டி, காலை ஆறு மணிக்குக் காலியான நெடுஞ்சாலையில், நாலாவது கியரில் 60-லிருந்து 100 தொட முன்பு 7.1 விநாடி ஆகும். பெட்டி மாட்டியதும் 6.2. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறியது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் மே மாதம், வெளியே 41 டிகிரி. கிரீன் சர்க்கிளில் கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு பைபாஸ் ஏறினேன். போனில் எஞ்சின் விவரங்களைக் காட்டும் ஓபிடி ஆப் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்று 68 டிகிரி. அதே கியர், அதே ஆர்பிஎம்மில் ஸ்பார்க் டைமிங் தை மாதத்தைவிட ஐந்து டிகிரி பின்னால் போயிருந்தது. நாக் சென்சார் கேட்டுவிட்டது, ஈசியு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. மறுநாள் அதே பள்ளிகொண்டா சாலையில் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தேன். பெட்டியோடு 7.2 விநாடி. ஓரமாக நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, பழைய வயர் கனெக்டரைச் சொருகிவிட்டு ஓட்டினால் 7.3. பெட்டி கூட்டிய பூஸ்டை வெயில் முழுசாகத் தின்றுவிட்டது. மிச்சம் சூடு மட்டும்தான். அந்த வருஷத்திலிருந்து பங்குனி கடைசியில் பெட்டியைக் கழற்றினால் ஆடி தாண்டித்தான் திரும்ப மாட்டுகிறேன். பெரிய இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிரவைக்கும் பாகம்) போட்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அந்தச் செலவுக்கு நல்ல ரீமேப்பே செய்துவிடலாம்.

மாட்டிய எட்டாவது மாதம் இன்னொன்று. மூன்றாவது கியரில் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தால் வண்டி விக்கியது. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காட்பாடியில் என் வண்டியைப் பார்க்கும் அண்ணன் கேட்டார்: “இன்னா தம்பி, பிளக்கு கேப்பு பாத்தியா? காத்து அதிகமா அமுக்கினா ஸ்பார்க்கு தாண்டாது. பொட்டிய அப்பறம் பாத்துக்கலாம்.” இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் நாலு ஸ்பார்க் பிளக்கும் 0.8 மில்லிமீட்டருக்கு மேலே திறந்திருந்தது. புது பிளக் வாங்கி 0.65 வைத்துப் போட்டார். விக்கல் அன்றோடு நின்றது. டர்போ வண்டியில் பெட்டி மாட்டுபவர்கள் முதல் செலவாகப் பிளக் மாற்றிவிடுங்கள்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கும். அந்த வாரம் கொணவட்டம் சர்வீஸ் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வண்டியை மெதுவாக ஓட்டி வந்தேன். ஒரு மாதம் ஒன்றுமில்லை. பிறகு செக் எஞ்சின் லைட், பி0236 என்ற எரர் கோடு (பூஸ்ட் சென்சார் கோளாறு), வண்டி லிம்ப் மோடில் (எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. பெட்டியோடு வந்த வயரிங்கின் கனெக்டரைத் திறந்தால் ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்திருந்தது. உள்ளே ஒரு பின்னில் செம்புக் குடத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு. பின்னைச் சுத்தம் செய்து, சீல் மாற்றி, கனெக்டரை மேல்நோக்கிக் கட்டிய பிறகு அந்த எரர் கோடு வரவில்லை. விற்ற கடையில் “தண்ணியில ஓட்டினா நாங்க பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டார்கள். அது இன்றும் மனதில் உறுத்துகிறது. மழையில் ஓட்ட முடியாத வயரிங்கை எதற்காக விற்க வேண்டும்?

கடைசியாக பெட்ரோல். பிளக் விவகாரத்துக்குப் பிறகு ஒரு வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது; எண் ஏறினால் பெட்ரோல் குறைவு) பொருத்தியிருந்தேன். பெட்டியைவிட அதுதான் உபயோகமான பொருள். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் (இ20) கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டும். ஏற்கெனவே குறைத்து ஊற்றும் பெட்டிக்கு இது நல்லதல்ல. முழு மிதியில் 11.8 காட்டிய மீட்டர் இ20 வந்த பிறகு 12.6 காட்டியது. பெட்டியின் செட்டிங்கை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினேன், 12-க்குத் திரும்பியது. மீட்டர் இல்லாதவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. வண்டி நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும்.

மைலேஜில் மாற்றம் இல்லை, ஊருக்குள் 10, சென்னை ரோட்டில் 14. கிளட்ச் 71,000 கிலோமீட்டரில் ஸ்லிப் ஆகி மாற்றினேன். பெட்டி இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் எழுதிச் சொல்லாமல் மாட்டாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் என் பேச்சைக் கேட்டு மாட்டவே வேண்டாம்.