எச்-1பி விதி மாறினால் எதை நம்புவது: வாட்ஸ்அப் குழுவா, கம்பெனி வக்கீலா, அரசு ஆவணமா?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்குக் கம்பெனி போடும் புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற பிரகடனத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு 12:01-க்கு அமல். சென்னையில் அப்போது காலை ஒன்பதரை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் அந்த ஒன்றரை நாளில் பட்ட பாடு சொல்லி மாளாது.

மூன்று வழிகளையும் எடைபோட அந்த வாரக் கடைசியை விட நல்ல தராசு இல்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி நிமிடக் கணக்கில் வந்துவிட்டது. "வருஷா வருஷம் கட்டணுமாம்" என்றும் சேர்ந்தே வந்தது. அதை யாரும் இட்டுக்கட்டவில்லை. வர்த்தகத் துறைச் செயலர் லட்னிக்கே அப்படித்தான் சொன்னார். கம்பெனி வக்கீல்களின் அறிவுரைப்படி அன்றிரவே மின்னஞ்சல்கள் பறந்தன: வெளியே இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் நாட்டை விட்டுப் போகாதீர்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்று பிரகடனத்தில் தெளிவாக எழுதியிருக்கவில்லை. சனிக்கிழமைதான் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். குறிப்பு வெளியிட்டது: இனிமேல் தாக்கலாகும் மனுக்களுக்கு மட்டுமே, கையில் விசா இருப்பவர்களுக்கு இல்லை. ஒரே ஒரு முறை கட்டினால் போதும் என்று வெள்ளை மாளிகையும் சொன்னது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவான எஃப்-1-லிருந்து எச்-1பி-க்கு மாறுபவர்கள் கட்ட வேண்டியதில்லை என்பது தெளிவாக அக்டோபர் 20 ஆகிவிட்டது.

ஆக, அவசரத்தில் தெளிவான அரசு ஆவணம் கடைசியாகத்தான் வருகிறது. ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் இப்படி இடியாக இறங்குவதில்லை. சம்பள நிலையைப் பொறுத்து எச்-1பி குலுக்கலில் வாய்ப்பு கூடும் என்ற விதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வரைவாக வந்தது, டிசம்பர் 29 அன்று இறுதி விதியானது, 2026 பிப்ரவரி 27 முதல் அமல். ஐந்து மாத அவகாசம். குழுக்களிலோ வரைவு வந்த அன்றே "சட்டம் மாறிடுச்சு" என்று ஓடியது. லெவல் ஒன்று என்ற கடைசிப் படிச் சம்பளத்தில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அன்று தூங்காமல் கிடந்திருப்பார்கள்!

ஃபெடரல் ரெஜிஸ்டர் என்றதும் பயப்பட வேண்டாம். முழுக்கப் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அறிவிப்பின் தலையிலும் 'ஆக்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அது வரைவு விதியா, இறுதி விதியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து 'டேட்ஸ்' பகுதியில் அமலுக்கு வரும் தேதி. இரண்டு நிமிட வேலை. 'இன்டரிம் ஃபைனல் ரூல்' (வரைவுக் கட்டம் இல்லாமல் நேராக அமலாகும் விதி) என்று இருந்தால் மட்டும் உடனே உட்கார்ந்து படியுங்கள். எச்-1பி-காரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவிமாரின் வேலை அனுமதிக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பு அப்படித்தான் போனது. 2025 அக்டோபர் 30 அன்று வெளியாகி, அன்று முதல் தாக்கலான புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு அது இல்லாமல் போனது.

கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் பார்க்க வேண்டியது, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின். அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு: ஃபைனல் ஆக்ஷன் டேட் (கார்டு கொடுக்கக்கூடிய தேதி), டேட்ஸ் ஃபார் ஃபைலிங் (விண்ணப்பம் போடக்கூடிய தேதி). அந்த மாதம் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய எதைப் பார்க்க வேண்டும் என்பதை யு.எஸ்.சி.ஐ.எஸ். தனியாக அறிவிக்கும். குழுவில் வரும் ஸ்கிரீன்ஷாட்டில் எந்த அட்டவணை என்ற தலைப்பே வெட்டுப்பட்டிருக்கும். அதை நம்பி மகிழ்ந்தவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு.

குழுக்கள் வெல்லும் இடமும் இருக்கிறது. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா பெற, போனால் என்ன கேட்கிறார்கள், பாஸ்போர்ட் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதெல்லாம் எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்காது. 2025 டிசம்பரில் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கத் தொடங்கியபோது, நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போவதை முதலில் சொன்னது அங்கே இருந்தவர்கள்தான். பட்டவர் சொல்லும் அனுபவத்துக்குக் குழுவை நம்பலாம். விதிக்கு நம்பக் கூடாது.

அப்புறம் கம்பெனி வக்கீல். மனு, நீட்டிப்பு, மனுவுக்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்கும் எல்.சி.ஏ. எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் எச்-1பி மனு கம்பெனி போடுவது, வக்கீலுக்குக் காசும் கம்பெனி கொடுப்பது. கம்பெனி மாறலாமா என்று அவரிடம் கேட்க முடியுமா? என் நண்பர் ஒருவர், தனக்கு வேலை போன அன்று வக்கீலுக்கு எழுதினார். "மனிதவளத் துறையிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. மனிதவளத் துறையிலிருந்து பதில் வர ஒன்பது நாள் ஆனது. வேலை போனால் கிடைக்கும் அவகாசமே அதிகபட்சம் 60 நாள். எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவு அதற்கு முன்னால் முடிந்தால், அவகாசமும் அதுவரைதான். அந்த நேரத்தில் ஐ-797 (மனு ஒப்புதல் அறிவிப்பு), ஐ-94, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் வேறொரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள், முதல் வாரத்திலேயே.