30 மீட்டர் குழாய் கேமரா: வாங்கலாமா, வரவழைக்கலாமா?

டாய்லெட்டில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. ராட் (அடைப்பைக் குத்தி எடுக்கும் நீளக் கம்பி) விட்டால் சரியாகிறது. இரண்டு மாதத்தில் மறுபடி அதே தொல்லை. இந்த நிலைக்கு வந்துவிட்ட வீடுகளுக்குத்தான், கழிவுநீர்க் குழாய்க்குள் தள்ளி உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் பார்க்கும் குழாய் கேமரா. ஒரே ஒரு தடவை அடைத்துக்கொண்டதற்கு இதை வரவழைப்பது வீண் செலவு.

ஆன்லைனில் பரவலாகக் கிடைக்கும் மாடலின் அமைப்பு இதுதான்: 23 மி.மீ. தலை, அதைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள், பின்னால் ஒரு ஸ்பிரிங், தள்ளுவதற்கு விறைப்பான ஃபைபர் கேபிள் 20 அல்லது 30 மீட்டர், 7 இஞ்ச் திரை, எஸ்.டி. கார்டில் பதிவு. 110 மி.மீ. குழாயில் தாராளமாகப் போகும். 75 மி.மீ. குழாயிலும் போகும், ஆனால் 90 டிகிரி எல்போ குறுக்கிட்டால் திணறும். இரண்டு 45 டிகிரி பெண்ட் போட்டுத் திருப்பிய இடத்தில் அவ்வளவு சிரமம் இல்லை.

எந்த வழியாக விடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். டாய்லெட் கோப்பை வழியாக விட்டால் அதன் டிராப் வளைவில் (எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைவு) தலை மாட்டிக்கொள்ளும். வெளியே உள்ள சேம்பரிலிருந்து (கழிவுநீர்க் குழாய் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி) வீட்டை நோக்கி விட வேண்டும், அல்லது கழற்றும் மூடி வைத்த வளைவான டோர் பெண்டின் மூடியைக் கழற்றி விட வேண்டும். தலையைக் குழாயின் நடுவில் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்கிட்டை மாட்டாமல் இறக்கினால், லென்ஸ் அடிச்சேற்றில் இழுபட்டுத் திரை முழுக்கப் பழுப்புதான். லென்ஸில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவது குறையும். வெள்ளை பி.வி.சி.யில் விளக்கை முழுதாக வைத்தால் படம் வெளுத்து விரிசல் மறைந்துபோகும். பாதிக்குக் குறைக்க வேண்டும். ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்), வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு முழு வெளிச்சம் தேவை.

கேமரா பளிச்சென்று காட்டிக்கொடுப்பது வேர்களை. பழைய ஸ்டோன்வேர் குழாய்களின் சிமெண்ட் இணைப்பில் முடி அகல இடைவெளி கிடைத்தால் போதும், அரசோ ஆலோ வேம்போ உள்ளே வந்துவிடும். திரையில் சடைமுடிபோல் தொங்கும். காகிதமும் கொழுப்பும் அதில் சிக்கி அடைக்கும். ராட் அந்தச் சடையைக் கிழிக்கும், இணைப்பை அடைக்காது. இரண்டு மாதத்தில் மறுபடி அடைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். புது வீடுகளில் வேறு வில்லன். டைல்ஸ் வேலை முடிந்து சட்டியைக் கழுவி நஹானி டிராப்பில் (குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் துளை) ஊற்றிய சிமெண்ட் பால், குழாயின் அடியில் சாம்பல் நிறத் தகடாக இறுகிக் கிடக்கும். இது தண்ணீரைப் பீய்ச்சும் சாதாரண ஜெட்டுக்கெல்லாம் அசையாது. ரப்பர் ரிங் போட்ட இணைப்பில் ரிங் நழுவியிருந்தால் கறுப்புப் பிறை மாதிரி உள்ளே தொங்கும். வட்டமாக இருக்க வேண்டிய குழாய் முட்டை வடிவில் தெரிந்தால், மெல்லிய குழாயை மண்ணில் புதைத்திருக்கலாம். எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் கழிவுநீர், மழைநீர் பி.வி.சி. குழாய்களில், 110 மி.மீ. அளவில் ஏ டைப்பின் சுவர் 2.2 மி.மீ., பி டைப்பின் சுவர் 3.2 மி.மீ.; ஏ டைப் மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது.

தவறான தீர்ப்பு அதிகம் வருவது வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில். 4 இஞ்ச் குழாய்க்குப் பழைய கணக்கு 40-க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 இஞ்ச் இறக்கம். மண் அமுங்கி நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், கேமரா மூழ்கி எழும். ஆனால் மாடியில் யாரோ குளித்துக்கொண்டிருந்தாலும் திரையில் தண்ணீர்தான் தெரியும். கீழே அடைப்பு இருந்தாலும் அப்படியே. அதனால் அடைப்பை எடுத்து, வீட்டில் தண்ணீர் வரும் குழாய்களையெல்லாம் மூடி, 15 நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கிட் மாட்டிய தலை குழாயின் நடுவில் நிற்பதால், அது மூழ்கினால் பாதிக் குழாய்க்கு மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூழ்கிய இடம், எழுந்த இடம் இரண்டுக்கும் திரையில் ஓடும் மீட்டர் எண்ணை (உள்ளே போன கேபிளின் நீளம்) குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மீட்டரை மட்டும் நம்பித் தரையை உடைக்கக் கூடாது. கேபிள் உள்ளே நெளிந்து கிடந்தாலும் எண் ஏறும். நேர் தூரம் அதைவிடக் குறைவு. தலையில் 512 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் உள்ள மாடலும், அதன் சிக்னலைத் தரைக்கு மேலே பிடித்துப் பார்க்கும் லொக்கேட்டரும் இருந்தால்தான் உடைக்கும் இடம் சுருங்கும். தலையைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் வசதி இல்லாத மாடலில் படம் உருளும், மேல் எது கீழ் எது என்று தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். குழாய்க்கு வெளியே கசிவதை எந்த கேமராவும் காட்டாது. சுவர் ஓதமடிக்கிறது என்றால் குழாயின் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

தனி வீட்டுக்கு வாங்க வேண்டாம், வரவழைத்தால் போதும். பிளம்பருக்கும் பல பிளாக்குகள் உள்ள அடுக்குமாடிச் சங்கத்துக்கும் வாங்குவதில் நியாயம் உண்டு. கேபிளை மடக்கித் தள்ளினால் ஸ்பிரிங் கேபிளோடு சேரும் இடம்தான் முதலில் போகும். ஆசிட் ஊற்றிய குழாயில் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் இறக்கினால் ரப்பர் சீல் கெட்டு லென்ஸுக்குள் நீர் கோக்கும்.

வரவழைப்பவர்கள் கவனிக்க: ஆழமான சேம்பர் என்றதும் ‘பையன் இறங்கிப் பார்த்துடுவான்’ என்பவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். படம் காட்டுபவரே தரையை உடைக்கும் வேலைக்கும் விலை சொன்னால், வீடியோவை வாங்கி இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். அந்த வீடியோ உங்கள் சேம்பர் மூடியிலிருந்து தொடங்கி, மீட்டர் எண் ஓட, நடுவில் வெட்டில்லாமல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அது யார் வீட்டுக் குழாய் என்று யாருக்குத் தெரியும்?